வீடுகளுக்குக் கல்யாணம் பேசிய நிக்காஹ் நானா

நிக்காஹ் நானா ஒரு மோசடிக்காரர். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. யுத்தம் முடிந்த பிறகு புத்தளக் கரையில் உடப்பிலிருந்து கற்பிட்டி முனை வரைக்கும் வீடு வாங்கிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த மனிதரால் தலையில் அடித்துக்கொள்ளாத ஒரு குடும்பம் இருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். உலகத்தில் வீட்டுத் தரகர்கள் வீடு விற்பார்கள். இவர் வீடுகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் கிழமைக்குக் கிழமை யாரையாவது திட்டுவது உங்களுக்குப் பழக்கம். பஸ்காரர்களைத் திட்டியிருக்கிறேன். ஐஸ் மீனைப் புது மீன் என்று விற்கிறவர்களைத் திட்டியிருக்கிறேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தே வயதாகிப்போனவள் நான். எனக்கு மணக்க மணக்கப் பேச வராது. இந்தக் கிழமை நிக்காஹ் நானாவின் முறை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. யுத்த காலம் முழுவதும் அவர் கல்யாணத் தரகராக இருந்தார். குறையை நிறையாக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விடிந்தது தெரியாமல் பகல் முழுக்கத் தூங்குகிறவனை "அமைதியான பிள்ளை" என்பார். வேலைவெட்டி இல்லாதவனை "வாப்பா உம்மாவை விட்டு ஒரு நாளும் பிரியாத பிள்ளை" என்பார். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. பிள்ளைகள் தாங்களே கதைத்துத் தாங்களே முடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதே நேரம் யுத்தம் முடிந்து, பாதை திறந்து, சனங்கள் காணி வாங்கவும் விற்கவும் ஓடித் திரிந்தார்கள். நானா தொழிலை மாற்றினார். முறையை மாற்றவில்லை. அங்கேதான் எங்கள் கேடு காலம் தொடங்கியது.

அவர் வாயில் வீடு என்பது "பொண்ணு". வாங்க வருகிறவர்கள் "மாப்பிள்ளை வீட்டார்". அட்வான்ஸ் கொடுத்தால், அது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற "மஹர்". வீட்டுச் சொந்தக்காரர் "வலிகாரர்", அதாவது பெண்ணைக் கொடுக்கும் உரிமை உள்ளவர். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிஸை அவர், நிக்காஹ் ஓதிவைக்கிறவரைப் போல, "லெப்பை" என்றுதான் கூப்பிடுவார். அந்த நொத்தாரிஸ் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர். அவரும் பழகிப்போய், "வாங்க நானா, பொண்ணு எந்த ஊர்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

பெண் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால் ஒரு பிஸ்கட் பெட்டியை எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பார். போன வீட்டில் அதை மேசையில் வைப்பார். விருந்தாளி முன்னால் பெட்டியை உடைக்க எந்த வீட்டிலும் கூச்சப்படுவார்கள். கதை முடிந்து எழும்பும்போது, பெட்டி எப்படியோ மறுபடியும் கக்கத்தில் இருக்கும். ஒரே பெட்டி மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம் நாங்கள் ஏன் போனோம் என்று கேட்பீர்கள். வேறு வழியில்லாமல் போனோம்.

நாங்கள் தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளம் பக்கம் வந்தவர்கள். முதலில் முகாம். பிறகு வாடகை வீடு, அதற்குப் பிறகு இன்னொரு வாடகை வீடு. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். இருபது வருடமாகக் கலண்டரை யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டவள் நான். காற்று அடித்தால் எங்கள் வீட்டில் திகதி தெரியாது. ஒரு நாள் மதுரங்குளியில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியார் ஈச்சம்பழப் பெட்டியோடு வந்தார். அவர் சும்மா எதையும் கொண்டுவருகிறவர் இல்லை.

"தங்கச்சி, மகளுக்கு நிக்காஹ் பேசி வெச்சீக்கிது. வீடு குடுக்கோணும். ஹஜ்ஜுப் பெருநாளோட நீங்க எழும்பினா நல்லம்" என்றார்.

நல்ல மனிதர்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் இருக்கிற இடத்தை விட்டு "எழும்பு" என்ற சொல்லை நான் வாழ்க்கையில் கேட்ட அளவுக்கு வேறு எந்தச் சொல்லையும் கேட்டதில்லை. அவர் போனதும் ஈச்சம்பழத்தை விழுங்கிக்கொண்டே என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்ச பாருங்க, இனி ஒருத்தனும் என்னை எழும்பச் சொல்லப்படாது. நாங்க வீடு வாங்குறம்."

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர். யார் எந்தப் பக்கம் போகச் சொன்னாலும் அந்தப் பக்கம் போவார். "சரி புள்ள" என்றார். அவருடைய ஓட்டோவில் அடிக்கடி ஏறுகிற தரகர் ஒருவர் இருந்தார். அவர்தான் நிக்காஹ் நானா.

நானா எங்களுக்கு வீடு காட்டுவதற்கு முன் எங்களை விசாரித்தார். எங்களிடம் இல்லை, அயலிடம். பக்கத்து வீட்டில், பாண் கடையில், பள்ளிவாசல் முற்றத்தில் என்று எல்லா இடமும் கேட்டுவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தார்.

"மச்சானைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்லுறாங்க. குடி இல்ல, சூது இல்ல. கொஞ்சம் குறட்டை இருக்காம், அது பெரிசில்ல. தங்கச்சிக்குத்தான் வாய் கொஞ்சம் நீளமாம்."

"வீட்டுக்கென்ன காதா இருக்கு?" என்றேன்.

"அயல்வீட்டுக்கு இருக்கே தங்கச்சி. நாளைக்குப் பிரச்சினை வந்தா என்னைத்தானே கேப்பாங்க."

"நான் வீடு வாங்க வந்தனா, நீங்க என்னைப் பிடிச்சு விக்க வந்தீங்களா?"

நானா என் கணவரைப் பார்த்துத் தலையாட்டினார். "நீளந்தான்" என்றார்.

முதல் வீடு கற்பிட்டிக் கடற்கரைப் பக்கம். போகும் வழியெல்லாம் ஓட்டோவின் பின்சீற்றில் என் பக்கத்தில் இருந்து புகழ்ந்துகொண்டே வந்தார். குணமான வீடாம். அடக்கமான வீடாம். இவ்வளவு காலம் கடற்கரையில் இருந்தும் ஒரு சொல் கேட்காத வீடாம்.

"வயசென்ன நானா?"

"பொண்ணுட வயசைக் கேக்கிறதா தங்கச்சி? நேரில பாருங்க, வயசே தெரியாது."

உண்மைதான், தெரியவில்லை. அன்று காலையில்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கை வைத்த இடமெல்லாம் வெள்ளை. உள்ளே கதிரைகளை வரிசையாக வைத்து, எங்களை வாசல் பக்கம் பார்க்க உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கண் சரியில்லை என்றால் போட்டோவைப் பக்கவாட்டில் எடுக்கச் சொல்கிறவர் நானா. எனக்கு அது அப்போது நினைவு வரவில்லை. முதுகில் மட்டும் நல்ல குளிர்ச்சியாக இருந்தது.

"நானா, பின்னுக்கு என்ன அறை?"

"திரும்பாதீங்க தங்கச்சி. முதல் நாளே முழுக்கப் பாத்தா நல்லா இராது."

நான் திரும்பினேன். பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பூப்போட்ட கட்டில் விரிப்பு ஒன்று தொங்கியது. அது பாய்மரம் போலப் புடைத்துப் புடைத்து அடங்கியது.

"இது என்ன?"

"காத்தோட்டம்" என்றார் நானா.

வீட்டுக்காரர் பாவம், பொய் பழகாத மனிதர். "போன மழைக்கு விழுந்துட்டுது" என்றார். நானா அவரைப் பார்த்த பார்வையில் மிச்சச் சுவரும் விழுந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து விரிப்பு விலகியது. கழுதை ஒன்று தலையை நீட்டியது. புத்தளம் பக்கத்துக் கழுதைகளுக்குப் போகக் கூடாத இடம் என்று ஒன்றும் கிடையாது. அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு சாவகாசமாக உள்ளே வந்து மேசையிலிருந்த பிஸ்கட் பெட்டியைக் கவ்வி, மட்டையோடு மெல்லத் தொடங்கியது. நானா "யா அல்லாஹ்!" என்று பாய்ந்தார். அவர் ஒரு பக்கம் இழுக்க, கழுதை மறு பக்கம் இழுக்க, என் கணவர் யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் நின்றார். கழுதை வென்றது.

திரும்பி வரும் வழியில் பாலாவி வந்ததும் நானா பெருமூச்சு விட்டார். "நோன்புக்கு முந்தி வாங்கினது. ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ஓட்டியிருப்பன்."

சுவரில்லாத வீட்டைக் காட்டியதற்கு வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். பெட்டிக்குத்தான் அழுதிருக்கிறார்.

இரண்டாவது வீட்டில் நான் அவரை அடிக்கவே போய்விட்டேன். அது மதுரங்குளிச் சந்திக்குக் கிட்ட, மரம் விற்கிற ஒரு மரக்காலை முதலாளியுடையது. அவருக்கு ஒரே வளவில் இரண்டு வீடு. பின்னால் இருந்தது பழையது. கூரை சரிந்து, கிணறு உப்பாகிக் கிடந்தது. முன்னால் இருந்தது புதியது. நல்ல தண்ணீர், நல்ல நிலம், வாசலில் ஒரு மாதுளை. எனக்குப் பிடித்துவிட்டது. முதலாளிக்கும் எங்களைப் பிடித்துவிட்டது. விலையும் ஒத்து வந்தது. எழும்பிக் கை கொடுக்கப் போகிற நேரம் நானா நடுவில் கையை நீட்டினார்.

"முதலாளி, பின்னுக்கு ஒண்டு இருக்கே?"

"அது பழசு நானா. கெடக்கட்டும்."

"மூத்தது வீட்டில இருக்கக்கொள்ள இளையதைக் குடுக்கிறது முறையா?"

"எண்ட வீடு நானா. நான் விக்கிறன்."

"உங்கடதான். இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா இளையது போனாப் பிறகு மூத்ததுக்கு யாரு வருவான்? வாறவன் எல்லாம் என்ன கேப்பான்? 'ஏன் இது மிச்சம் நிக்கிது, என்ன குறை'ண்டு கேப்பானா இல்லையா?"

"நானா!" என்று நான் கத்தினேன். "நீங்க யாருட பக்கம்?"

"நான் முறையிட பக்கம் தங்கச்சி."

இதில் என்ன கொடுமை என்றால், மரக்காலை முதலாளிக்கு வீட்டில் கல்யாணமாகாத மகள்மார் இரண்டு பேர். மூத்தவளுக்கு ஒன்றும் சரிவராமல் இருந்த காலம் அது. நானாவின் பேச்சு நேராகப் போய் அவருடைய நெஞ்சில் குத்தியது. தாடியைத் தடவிக்கொண்டு பின்வீட்டைப் பார்த்தார். கண் கலங்கியது. "நானா சொல்றது சரிதான். மூத்தது போகட்டும், அதுக்குப் பொறகு பாப்பம்" என்றார். பின்வீட்டை வாங்குகிறீர்களா என்று எங்களிடமே கேட்டார்.

வெளியே வந்ததும் என் செருப்பைக் கழற்றினேன். என் கணவர் நானாவை ஓட்டோவில் ஏற்றி, என்னை வீதியில் விட்டுவிட்டு ஓட்டிப் போய்விட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் வேகமாக ஓட்டியது அன்று மட்டும்தான்.

அதோடு நானாவை நிறுத்தினேன். கழுத்தில் டை கட்டிய ஓர் இளம் தரகர் கிடைத்தார். மரியாதையான பையன். போனில் விரலால் தள்ளித் தள்ளி அழகழகான வீடுகளாகக் காட்டினான். ஒன்று பிடித்துப்போய் நேரில் போனோம். அந்த வீட்டில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தங்கள் வீடு விற்பனைக்கு இருக்கிற விஷயம் அவர்களுக்கே தெரியாது. அவர்களுடைய நாய்க்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே சங்கிலியை அறுத்து வைத்திருந்தது.

மறுநாள் நிக்காஹ் நானா எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"கேள்விப்பட்டன். வேற ஆளோட போனீங்களாம்."

"போவன். நீங்க என்ன எனக்குத் தாலி கட்டின மனுசனா?"

"நாய் கடிச்சதாமே."

"கடிக்கல்ல. துரத்தினது."

"நான் காட்டின வீட்டில ஒண்டிலயாவது நாய் துரத்தினதா?"

உண்மையில் துரத்தவில்லை. பெருநாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் ஆட்கள் எங்கள் குசினிக்குள் வந்து, நாங்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே தரைக்குப் போடும் புது மாபிளுக்கு அளவெடுத்தார்கள். நான் நானாவுக்கு ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் குடித்துவிட்டு, "எத்தாளைப் பக்கம் ஒரு இடம் இருக்கு. நல்ல குடும்பம். ஆனா போட்டி இருக்கு" என்றார்.

எத்தாளை வீடு திரேசா அக்காவுடையது. கத்தோலிக்கப் பெண்மணி. கணவர் கடல் தொழில் செய்து, தன் கையாலேயே கல் சுமந்து கட்டிய வீடு. அவர் இறந்த பிறகு அக்கா தனியாக இருந்தார். மகன் நீர்கொழும்பில் தன்னோடு வந்திருக்கச் சொன்னான். அதனால் விற்க நினைத்தார். இரண்டு அறை, ஒரு விறாந்தை, மரவள்ளி நட்ட வளவு. நான்கு பக்கமும் சுவர் இருந்ததை நான் சுற்றி நடந்து கையால் தட்டியே பார்த்தேன். யன்னலைத் திறந்தால் வெங்காயத் தோட்டம், அதற்கு அப்பால் களப்புத் தண்ணீர். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல் இருந்தது. வேண்டும் என்றால் வேண்டும், அவ்வளவுதான். அந்த வயது வரைக்கும் நான் எந்தப் பொருளையும் அப்படிக் கேட்டதில்லை.

போட்டி விறாந்தையில் உட்கார்ந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஹோட்டல்காரர். யுத்தம் முடிந்ததும் கற்பிட்டிப் பக்கமெல்லாம் ஹோட்டல் கட்ட ஆள் வந்தார்களே, அவர்களில் ஒருவர். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சப்பாத்து. அவர் சொன்ன விலைக்குப் பக்கத்தில் எங்களால் நிற்கவும் முடியாது. திரேசா அக்காவின் மகன் அவருக்கே கொடுக்கச் சொல்லிப் போனில் நெருக்கிக்கொண்டிருந்தான். நான் ஓட்டோவுக்குத் திரும்பலாம் என்று எழும்பிவிட்டேன். நானா என் பக்கம் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். புதுப் பிஸ்கட் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். ஹோட்டல்காரரின் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"தம்பிக்கு ஏற்கெனவே எத்தனை?"

"என்ன எத்தனை?"

"இந்த மாதிரி. இடம், கட்டடம்."

ஹோட்டல்காரருக்குப் பெருமை. விரலை மடக்கினார். நீர்கொழும்பில் ஒன்று, பெந்தோட்டையில் ஒன்று, பாசிக்குடாவில் ஒன்று, நுவரெலியாவில் ஒன்று, அறுகம்பையில் ஒன்று. "இது ஆறாவது" என்றார்.

நானா எழும்பியே விட்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! ஆறா? எங்கட மார்க்கத்தில நாலோட சரி தம்பி!"

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த திரேசா அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "எங்கட வேதத்தில ஒண்டுதான் நானா!"

"கேட்டீங்களா? இந்த வீட்டில ஒண்டுதானாம்!"

ஹோட்டல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கதைக்கிறீங்க? நான் காணி வாங்க வந்தன்."

"வாங்குங்க. எல்லாத்துக்கும் சமமா நடக்கோணும், அதுதான் சட்டம். அந்த அஞ்சிலயும் போய்ப் படுத்து எழும்புறீங்களா?"

"நான் கொழும்பில இருக்கிறன்."

"அப்ப அஞ்சையும் தனிய விட்டுட்டு ஆறாவதைக் கேட்டு வந்திருக்கிறீங்க."

ஹோட்டல்காரரின் சாரதி வாசலில் நின்று சிரித்துவிட்டான். முதலாளி திரும்பிப் பார்த்ததும் இருமினான். நானா விடவில்லை. குரலைத் தாழ்த்தி, உறவுக்காரர் போலக் கேட்டார்.

"சரி தம்பி, கோவிக்காதீங்க. எடுத்தா இந்த வீட்டை எப்படி வெச்சிருப்பீங்க?"

"வீட்டையா? வீடு எதுக்கு? இடிச்சிட்டு வெள்ளைக்காரருக்குக் கபானா போடுவன்."

குசினியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. திரேசா அக்கா சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஹோட்டல்காரருக்குத் தேத்தண்ணி கொண்டுவரவில்லை.

"தம்பி, வெயிலுக்கு முந்தி வெளிக்கிடுங்க. பாதை தூரம்" என்றார். அவ்வளவுதான். ஹோட்டல்காரர் காரில் ஏறும்போது, "ஒரு பொண்ணு போனா ஒரு பொண்ணு தம்பி, நான் பாத்துத் தாறன்" என்று நானா ஆறுதல் வேறு சொன்னார்.

நான் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. திரேசா அக்கா எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க மன்னார் ஆக்கள்தானே?"

"ஓம் அக்கா."

"இப்ப பாதை திறந்திட்டு. சனமெல்லாம் திரும்பிப் போகுது. நீங்களும் நாளைக்கு இதைப் பூட்டிப்போட்டுப் போவீங்களா? இல்ல, அந்தத் தம்பிக்கே வித்துப்போட்டுப் போவீங்களா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். அவருடைய வாப்பாவின் வளவு மன்னாரில் இருக்கிறது. அதில் இப்போது நெல்லி வளர்ந்திருக்கிறதா, முள் வளர்ந்திருக்கிறதா என்று யோசிக்காமல் அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை. நானாவைப் பார்த்தேன். எந்த மாப்பிள்ளைக்கும் வாயில் வார்த்தை எடுத்துக் கொடுக்கிற மனிதர், அன்று கொடுக்கவில்லை. அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நானே சொன்னேன். "போவம் அக்கா. பொய் சொல்லமாட்டன். பெருநாளைக்குப் போவம், மௌத்துக்குப் போவம், கல்யாணத்துக்குப் போவம். போனா வீட்டுக்கு வரோணுமே, இஞ்சதான் வருவம். எழும்பு எழும்பெண்டு கேட்டுக் கேட்டு எனக்குக் காது செத்துப்போச்சு. இந்த வீட்டில இருந்து என்னை எழுப்புறதெண்டா தூக்கித்தான் எடுக்கோணும். நான் பாரமான ஆள்."

திரேசா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓம், பாரந்தான்" என்றார். சிரித்தார். "சரி. கையெழுத்து என்டதானே. மகனோட நான் கதைக்கிறன்."

நானா அந்த நேரத்தையும் நிம்மதியாக விடவில்லை. "பொண்ணுட சம்மதம் கேக்கோணும்" என்று எழும்பினார். முன்கதவைச் சாத்தினார். நாங்கள் எல்லோரும் முட்டாள்கள் போல வெளியே நின்றோம். கதவில் காதை வைத்து, எங்கள் இருவரின் பெயரையும் சொல்லி, சம்மதமா என்று சத்தமாகவே கேட்டார். பிறகு மெல்லத் தள்ளினார். உப்புக் காற்றில் துருப்பிடித்த பிணைச்சல் நீளமாகக் கிரீச்சிட்டது.

"அழுகுது" என்றார் நானா. "நல்ல வளர்ப்பு."

நான் சிரிக்கத்தான் போனேன். திரேசா அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழ, என் கணவர் அழ, எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீடு வாங்குகிற இடத்தில் எதற்கு இந்தக் கூத்து என்று நானாவை ஏசினேன். ஏசிக்கொண்டே நானும் மூக்கைச் சிந்தினேன்.

பெருநாளுக்கு முன்பே குடிபுகுந்தோம். புரியாணி போட்டோம். நானா அதைக் கல்யாண விருந்தாக்கி "வலீமா" என்றார். பெண் வீட்டுப் பக்கம் திரேசா அக்காவோடு இருந்து ஒரு தட்டுச் சாப்பிட்டார். எழும்பிக் கை கழுவிவிட்டு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வந்து இன்னொரு தட்டுச் சாப்பிட்டார். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை செய்யாவிட்டால் பிறகு பேச்சு வருமாம்.

அதற்குப் பிறகும் அவர் எங்களை விடவில்லை. மாதம் பிறந்தால் வந்துவிடுவார். குடும்பம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். வீட்டின் பக்கம் நின்று எங்களோடு சண்டை பிடிப்பார். "ஓடு ரெண்டு விலகியிருக்கு, பாக்கிறதில்லையா? வந்த புதுசில இருந்த முகம் இப்ப இல்ல." நான் யன்னலுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தபோது, "கேட்டுத்தான் அடிச்சீங்களா?" என்றார். "யாரிட்டக் கேக்கிற? யன்னலிட்டயா?" என்றேன். "திரேசாக்காவிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். வெட்கம் கெட்டு அன்று பின்னேரமே நீர்கொழும்புக்குப் போன் எடுத்தேன். திரேசா அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த யன்னலுக்குப் பச்சை வேண்டும் என்று அவர் கணவரோடு பல காலம் சண்டை பிடித்தவராம்.

நானாவின் வீடு எங்கே என்று கேட்டால் "கிட்டத்தான்" என்பார். புத்தளத்தில் கேட்டாலும் கிட்டத்தான், கற்பிட்டியில் கேட்டாலும் கிட்டத்தான். புத்தளத்து ஆட்களோடு புத்தளத்துக் கதை, எங்களோடு எங்கள் கதை, சிலாபம் பக்கம் போனால் சரளமான சிங்களம். மற்றவர்களின் மூத்தப்பா வரைக்கும் விசாரிக்கிற மனிதரை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. ஒரு நாள் பெரிய மழை. என் கணவர் பிடிவாதமாக அவரை இருக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பாலாவியில் ஒரு இரும்புக் கடைக்குப் பின்னால், சீமெந்து மூட்டை அடுக்குகிற அறை. அதில் ஒரு கட்டில்.

அடுத்த மாதம் வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் பேசுறீங்க. உங்களுக்கு ஒண்டு பேசினா என்ன நானா?"

"எனக்கு யாரு பேசுறது தங்கச்சி? தனக்குத் தானே போய்ப் பேசினா மரியாதையா இருக்குமா?"

"எத்தினை வீடு கைக்குள்ளால போயிருக்கும். ஒண்டும் பிடிக்கல்லையா?"

தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். "எனக்கு ஒண்டு இருந்திச்சு. முசலிப் பக்கம். தலாக் சொல்லல்லயே, சும்மா பிரிஞ்சு கிடக்கு" என்றார். பிறகு எங்கள் கூரையைப் பார்த்து, ஓடு இன்னும் மாற்றவில்லை என்று ஏசத் தொடங்கிவிட்டார். அவரும் எங்களைப் போல மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. என் கணவர் இரும்புக் கடையில் போய்க் கேட்டார். "அவர் ஊருக்குப் போயிட்டாரே. காடு வெட்டி, ஒரு கொட்டில் போட்டீக்கிறாராம்" என்றார்கள். யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடம்கூடச் சொல்லவில்லை.

இதைத்தான் நான் மோசடி என்கிறேன். நானா, இந்தப் பத்திரிகை முசலிக்கும் போகிறது, விசாரித்துவிட்டேன். எனக்குத் தனியாகப் போன் எடுத்துச் சமாளிக்க வேண்டாம். இங்கேயே, எல்லோரும் வாசிக்கிற மாதிரிப் பதில் எழுதுங்கள். அங்கே உங்களுக்குப் பேசி முடித்தது யார்? உங்கள் பக்கத்தில் சாட்சிக்கு நின்றது யார்? மழைக்கு ஒழுகுகிறதா? குடிக்கத் தண்ணீர் எவ்வளவு தூரம்? ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் நீங்களே போய் முடித்துக்கொண்டீர்கள் என்றால் அது முறையில்லை, நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். உங்களுக்கு ஆள் இல்லையா? நாங்கள் என்ன செத்தா போனோம்? ஓட்டோவுக்குப் புது டயர் போட்டு வைத்திருக்கிறோம். திரேசா அக்காவும் வருகிறேன் என்கிறார். எந்த நாள் வரலாம் என்று எழுதுங்கள்.